இருபத்தொன்பது தானத்து எண்: ஆகமம் காத்த தொகையும் வீரசேனர் செய்த சோதனையும்

ஜ்யேஷ்ட மாத வளர்பிறையின் ஐந்தாம் நாளைச் சமணர்கள் சுருத பஞ்சமி எனக் கொண்டாடுகின்றனர். அன்று ஜினாலயங்களில் ஆகம நூல்களைத் துடைத்து, புதிய துணியில் சுற்றி, பீடத்தில் எழுந்தருளச் செய்து வழிபடுவர். செவிவழியாக மட்டுமே வந்துகொண்டிருந்த அருகதேவரின் வாக்கு, ஷட்கண்டாகமம் என்னும் நூலாக எழுத்தில் நிறைவுற்ற நாள் அது என்பது திகம்பர மரபு. அந்த நூலின் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால், கர்மம், குணத்தானம், மார்க்கணை என்று விடை கூறுவோர் பலர். அதனுள் பெருங்கணிதம் ஒன்றும் இருக்கிறது என்பதை அறிந்தோர் சிலரே. அக்கணிதத்தின் ஒரே ஓர் எண்ணையும், அதனைச் சுற்றி ஆசாரியர்கள் நடத்திய ஆராய்ச்சியையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த எண் இது: 79,22,81,62,51,42,64,33,75,93,54,39,50,336.

இருபத்தொன்பது தானங்களில் நிற்கும் இவ்வெண், மனித கதியில் பரியாப்தி நிறைவுற்ற உயிர்களின் தொகை என்று சமண நூல்கள் சிலவற்றில் கூறப்படுகிறது. அதே சமயம், இத்தொகை பொருந்தாது என்று கணக்கிட்டு மறுத்தவரும் ஒரு சமண ஆசாரியரே. ஓர் எண்ணைக் காத்த மரபும், அதையே உரைத்துப் பார்த்த மரபும் ஒரே பரம்பரையில் அருகருகே இருந்தன என்பதே இவ்வரலாற்றின் சிறப்பு.

எண்ணக்கூடியவையும் எண்ண முடியாதவையும்

உலகிலுள்ள தொகைகள் அனைத்தையும் சமண ஆசாரியர்கள் மூன்றாகப் பகுத்தனர். எண்ணி முடிக்கத்தக்கது சங்கியாதம். எண்ணிக்கைக்கு எட்டாதது அசங்கியாதம். முடிவே இல்லாதது அனந்தம். இவற்றுள்ளும் உட்பிரிவுகள் பல உண்டு. நிகோத உயிர்களின் தொகை அனந்தம். தேவர், நாரகர் ஆகியோரின் தொகை அசங்கியாதம். பரியாப்த மனிதரின் தொகை மட்டும் சங்கியாதத்துள் அடங்குகிறது. அதாவது, அதனை எண்ணால் எழுதிவிடலாம்.

இந்தப் பகுப்பை மனத்தில் கொண்டால் இருபத்தொன்பது தானத்து எண்ணின் தோற்றமே மாறிவிடுகிறது. முதற்பார்வையில் அது மலைக்க வைக்கும் பேரெண். அனந்தத்தின் முன்னே வைத்தாலோ அது மிகச் சிறியது. உயிர்கள் முடிவின்றிக் கிடக்க, மனிதப் பிறவி எய்தியோர் இவ்வளவே என எண்ணி எழுதிவிடும் அளவில் நிற்கின்றனர். மானிடப் பிறவியின் அருமையை அறிவுரையாகச் சொல்வதோடு அமையாமல், அளவையால் காட்ட முயன்றதன் விளைவே இந்த எண்.

நான்கு வழிகளில் ஓர் எண்

சுவேதாம்பர ஆகமங்களுள் ஒன்றான அனுயோகத்துவார சூத்திரத்தில் இத்தொகை குறிக்கப்படுகிறது. கருவில் தோன்றும் மனிதரின் மிகக் குறைந்த தொகை எவ்வளவு என்ற வினாவுக்கு அந்நூல் பல வகையாக விடை தருகிறது. முதலாவது, அது இருபத்தொன்பது தானங்கள் கொண்டது. இரண்டாவது, அது மூன்று யமலபதங்களுக்கு மேற்பட்டது, நான்கு யமலபதங்களுக்குக் கீழ்ப்பட்டது. எட்டுத் தானங்கள் சேர்ந்தது ஒரு யமலபதம் என்பர் உரைகாரர். எனவே இருபத்துநான்கு தானங்களுக்கு மேலும் முப்பத்திரண்டு தானங்களுக்குள்ளும் அது நிற்கிறது. மூன்றாவது, அது ஆறாம் வர்க்கத்தை ஐந்தாம் வர்க்கத்தால் பெருக்கி வந்தது. நான்காவது, அது தொண்ணூற்றாறு முறை பாதியாக்கத்தக்கது.

மூன்றாம் விடையில் வரும் வர்க்கம் என்பதன் பொருள் இதுதான். இரண்டில் தொடங்கி, கிடைப்பதை அதனாலேயே மீண்டும் மீண்டும் பெருக்கிச் செல்ல வேண்டும். இரண்டின் முதல் வர்க்கம் 4. இரண்டாம் வர்க்கம் 16. மூன்றாவது 256. நான்காவது 65,536. ஐந்தாவது 4,29,49,67,296. ஆறாவது 1,84,46,74,40,73,70,95,51,616. இவற்றுள் இறுதி மூன்றும் சமணக் கணித நூல்களில் அடிக்கடி வருவதால் அவற்றிற்குப் பெயர்களே உண்டு. அறுபத்தைந்தில் தொடங்கும் நான்காம் வர்க்கம் பண்ணட்டி. நாற்பத்திரண்டில் தொடங்கும் ஐந்தாம் வர்க்கம் பாதாலம். ஒன்று, எட்டு என்று தொடங்கும் ஆறாம் வர்க்கம் ஏகட்டி. நீண்ட எண்ணை அதன் தலை இலக்கங்களால் பெயரிட்டு அழைப்பது, வாயால் ஓதி நினைவில் நிறுத்தும் மரபுக்கு ஏற்ற உத்தியாகும்.

ஏகட்டியைப் பாதாலத்தால் பெருக்கினால் கிடைப்பதே நம் எண். ஐந்தாம் வர்க்கத்தை அதனாலேயே பெருக்கியது ஆறாம் வர்க்கம் ஆதலின், ஐந்தாம் வர்க்கத்தின் கனம் என்றாலும் அதே எண்ணே வரும்.

நான்காம் விடை இன்னும் நுட்பமானது. ஓர் எண்ணை எத்தனை முறை சரிபாதியாக வெட்டி ஒன்றில் கொண்டு நிறுத்தலாமோ அந்த முறைகளின் தொகைக்கு அர்த்தச்சேதம் என்று பெயர். எட்டின் அர்த்தச்சேதம் மூன்று. பதினாறின் அர்த்தச்சேதம் நான்கு. ஐந்தாம் வர்க்கத்திற்கு அது 32. ஆறாம் வர்க்கத்திற்கு 64. இரு எண்களைப் பெருக்கும்போது அவற்றின் அர்த்தச்சேதங்களைக் கூட்டினால் போதும் என்ற விதி சமணக் கணிதத்தில் நன்கு அறியப்பட்டிருந்தது. 64-உம் 32-உம் கூட 96. மூன்றாம் விடையும் நான்காம் விடையும் ஒன்றையொன்று இவ்வாறு உறுதி செய்கின்றன.

தானங்களின் தொகையையும் சரிபார்க்கலாம். ஒன்றைப் பத்து முறை இரட்டித்தால் 1,024 வரும். ஆயிரத்தைச் சற்றே கடந்த எண். ஆகவே பத்து முறை இரட்டிப்பதற்கு ஏறத்தாழ மூன்று தானங்கள் கூடும். தொண்ணூறு முறைக்கு இருபத்தேழு தானங்களும், எஞ்சிய ஆறு முறைக்கு அறுபத்துநான்கு மடங்கும் சேர, இருபத்தொன்பதாம் தானத்தில் எண் சென்று நிற்கிறது. முதல் விடையும் பொருந்திவிடுகிறது.

எண்ணின் இயல்புகள்

இவ்வெண்ணின் பிற இயல்புகளும் அறியத்தக்கவை. இரண்டைத் தவிர வேறு பகா எண் எதுவும் இதனை மீதியின்றி வகுக்காது. ஒன்றையும் தன்னையும் சேர்த்து இதற்குச் சரியாக 97 வகுத்திகள் உண்டு. 96 என்னும் அடுக்கு 2, 3, 4, 6, 8, 12 எனப் பலவற்றால் வகுபடுவதால், இவ்வெண் ஒரே சமயத்தில் வர்க்கமாகவும் கனமாகவும் நான்காம் அடுக்காகவும் ஆறாம் அடுக்காகவும் அமைகிறது. இதன் வர்க்கமூலம் 28,14,74,97,67,10,656. கனமூலம் பாதாலம் எனப்பட்ட 4,29,49,67,296.

இரண்டின் ஏழாம் வர்க்கம் முப்பத்தொன்பது தானங்கள் கொண்டது. ஆறாம் வர்க்கத்தையும் ஏழாம் வர்க்கத்தையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் கிடைப்பதும் இதே எண்தான். அதாவது, பெருக்கல் வழியில் பார்த்தால் அவ்விரு வர்க்கங்களின் நட்டநடுவே இது நிற்கிறது.

பெருக்கல் பிழையற்றதா என்பதை இலக்கங்களைக் கூட்டியும் சோதிக்கலாம். ஆறாம் வர்க்கத்தின் இலக்கங்களைக் கூட்டினால் 88. அதனைச் சுருக்கினால் 16, பின்னர் 7. ஐந்தாம் வர்க்கத்தின் இலக்கங்கள் 58; சுருக்கினால் 13, பின்னர் 4. ஏழையும் நான்கையும் பெருக்க 28. சுருக்கினால் 10, பின்னர் 1. இருபத்தொன்பது தானத்து எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 127. சுருக்கினால் 10, பின்னர் 1. இரண்டும் ஒத்து வருகின்றன. ஓலையில் ஓர் இலக்கம் மாறியிருந்தால் பெரும்பாலும் இச்சோதனையிலேயே அகப்பட்டுவிடும்.

எழுத்துக்குள் ஒளிந்த இலக்கங்கள்

சிரவணபெளகொளாவில் பாகுபலிப் பெருமானின் ஓங்கிய திருவுருவத்தை நிறுவிய சாமுண்டராயரின் ஆசான் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர் இயற்றிய கோம்மடசாரத்தின் ஜீவகாண்டத்தில் இத்தொகை இடம்பெற்றிருக்கிறது. பரியாப்த மனிதரின் தொகை ஐந்தாம் வர்க்கத்தின் கனம் என்று முதலில் விதியாகக் கூறப்படுகிறது. அதனையடுத்து வரும் ஒரே பிராகிருதப் பாட்டில் இருபத்தொன்பது இலக்கங்களும் எழுத்துகளாக அடுக்கி வைக்கப்பட்டுள்ளன.

அப்பாட்டு பயன்படுத்தும் முறை கடபயாதி எனப்படும். ககரம் முதலாக ஒன்பது மெய்களுக்கு 1 முதல் 9 வரையும், டகரம் முதலாக மீண்டும் ஒன்பது மெய்களுக்கு 1 முதல் 9 வரையும், பகரம் முதல் மகரம் வரை 1 முதல் 5 வரையும், யகரம் முதல் ஹகரம் வரை 1 முதல் 8 வரையும் மதிப்புகள். ஞகரத்திற்கும் நகரத்திற்கும் மதிப்பு சுழி. பாட்டின் முதல் எழுத்து ஒன்றாம் தானத்தைக் குறிக்கும். அங்கிருந்து இடப்பக்கமாக இலக்கங்களை எழுதிச் செல்ல வேண்டும். முதல் எழுத்து தகரம். அதன் மதிப்பு 6. அடுத்தடுத்த இரு எழுத்துகளும் லகரம்; மதிப்பு 3, 3. ஆகவே எண் 336 என்று முடிகிறது. பாட்டின் கடைசி எழுத்து ஸகரம், மதிப்பு 7. அதற்கு முன்னது சகர வருக்கத்தின் நான்காம் எழுத்து, மதிப்பு 9. அதற்கும் முன்னது ககர வருக்கத்தின் இரண்டாம் எழுத்து, மதிப்பு 2. ஆகவே எண் 792 என்று தொடங்குகிறது. இடையிலுள்ள இருபத்துமூன்று எழுத்துகளையும் இவ்வாறே மாற்றி எழுதினால், இரண்டைத் தொண்ணூற்றாறு முறை பெருக்கி வரும் எண் ஓர் இலக்கமும் பிசகாமல் வந்து நிற்கிறது.

வல்லெழுத்துக்குத் தனித்தனி நான்கு வடிவங்கள் இல்லாத தமிழ் எழுத்தில் இம்முறை நடவாது. வடமொழி, பிராகிருத நூல்களைத் தமிழ்ச் சமணர் கிரந்த எழுத்தில் எழுதி வைத்த வழக்கத்தின் இன்றியமையாமை இத்தகைய பாட்டுகளைக் காணும்போது நன்கு விளங்கும். ஓர் எழுத்தின் ஒலிப்பு மாறினால் ஓர் இலக்கம் மாறும். ஓர் இலக்கம் மாறினால் கணக்கு முழுதும் பிழையாகும்.

தமிழகத்தை நோக்கி வந்த ஆசாரியர்

இனி, இவ்வெண்ணைச் சோதித்தவரின் வரலாற்றுக்கு வரலாம். அதற்கு ஷட்கண்டாகமத்தின் தோற்றத்தை நினைவுகூர வேண்டும்.

ஊர்ஜயந்த கிரி என்னும் கிர்நார் மலையின் சந்திர குகையில் தங்கியிருந்த தரசேனாசாரியர், தம்மோடு சுருத ஞானம் அழிந்துவிடலாகாது என்று கருதி, தெற்கிலிருந்து வரவழைக்கப்பட்ட இரு முனிவர்களுக்கு அதனைக் கற்பித்தார். அவர்களே புஷ்பதந்தரும் பூதபலியும். கல்வி முடிந்தபின் புஷ்பதந்தர் வனவாசி நாட்டிற்கும், பூதபலி திரமிள தேசத்திற்கும் சென்றனர் என்று பின்னாளைய உரையான தவளா குறிக்கிறது. திரமிள தேசம் என்பது தமிழகமே. புஷ்பதந்தர் தாம் இயற்றிய தொடக்கச் சூத்திரங்களை ஜினபாலிதர் என்ற மாணாக்கர் வழியாகப் பூதபலியிடம் அனுப்பினார். புஷ்பதந்தருக்கு ஆயுள் சிறிதே எஞ்சியிருப்பதை உணர்ந்த பூதபலி, திரவியப் பிரமாணானுகமம் என்னும் பகுதி தொடங்கி எஞ்சிய நூலைத் தாமே இயற்றி முடித்தார்.

உயிர்களின் தொகையை அளந்து கூறும் பகுதியே இந்தத் திரவியப் பிரமாணானுகமம். பரியாப்த மனிதரின் தொகை பற்றிய சூத்திரமும் இதனுள்தான் வருகிறது. தமிழ் மண்ணை நோக்கி வந்த ஓர் ஆசாரியரின் வாக்காக இச்சூத்திரம் அமைந்திருப்பது தமிழ்ச் சமணர் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி.

அச்சூத்திரம் தொகையைத் திட்டமாக ஒரே எண்ணாகக் கூறவில்லை. எல்லைகளை மட்டும் வகுக்கிறது. மனிதரின் தொகை கோடாகோடாகோடிக்கு மேல், கோடாகோடாகோடாகோடிக்குக் கீழ். இரண்டின் ஆறாம் வர்க்கத்திற்கு மேல், ஏழாம் வர்க்கத்திற்குக் கீழ் என்பது அதன் கருத்து. கோடியை மூன்று முறை வைத்துப் பெருக்கினால் ஒன்றின் பின் 21 சுழிகள். நான்கு முறை வைத்துப் பெருக்கினால் ஒன்றின் பின் 28 சுழிகள். இந்த இரண்டிற்கும் இடையில் தொகை இருக்க வேண்டும்.

வீரசேனரின் மறுப்பு

ஷட்கண்டாகமத்திற்குத் தவளா என்னும் பேருரை எழுதியவர் வீரசேனாசாரியர். இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷரின் காலத்தில், 816-ஆம் ஆண்டில் அவ்வுரை நிறைவுற்றது என்று ஆய்வாளர் பலர் கொள்வர். அதே மன்னரின் காலத்தவரே கணிதசார சங்கிரகம் இயற்றிய மகாவீராசாரியரும். பிராகிருதமும் வடமொழியும் விரவிய நடையில், 72,000 சுலோக அளவில் அமைந்த தவளா, உரை என்ற பெயரில் ஒரு கலைக்களஞ்சியம். மேற்கூறிய சூத்திரத்திற்கு வந்தபோது, ஐந்தாம் வர்க்கத்தின் கனமே மனிதரின் தொகை என்று ஆசாரியர் சிலர் கூறிவந்த கருத்தை வீரசேனர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்.

அந்த எண்ணைக் கோடி கோடியாகப் பிரித்து வாசித்தால் சிக்கல் எங்கே என்பது புலப்படும். 7 கோடாகோடாகோடாகோடி, 92,28,162 கோடாகோடாகோடி, 51,42,643 கோடாகோடி, 37,59,354 கோடி, 39,50,336. முதலிலேயே ஏழு கோடாகோடாகோடாகோடி வந்துவிடுகிறது. சூத்திரமோ ஒரு கோடாகோடாகோடாகோடிக்கும் குறைவு என்கிறது. கோடாகோடாகோடாகோடி என்பதற்கும் இருபத்தொன்பது தானங்கள். இவ்வெண்ணுக்கும் இருபத்தொன்பது தானங்கள். தானங்களை மட்டும் எண்ணிப் பார்ப்பவர் இரண்டும் ஒன்றே என்று கருதிக் கடந்துவிடலாம். வீரசேனர் கடந்துவிடவில்லை.

சூத்திரத்தோடு முரண்படுகிறது என்பதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஆகமச் சான்று ஒன்றே போதும் என்று முடித்திருக்கலாம். ஆனால் அவர் இன்னொரு படி மேலே சென்றார். மனிதர் வாழும் நிலப்பரப்பைக் கணக்கிட்டு, அத்தனை பேர் அதற்குள் அடங்க மாட்டார்கள் என்று காட்டி அத்தொகையை மறுத்தார்.

அவ்வாதத்தின் வலிமையை வாசகர் தாமே கணக்கிட்டு உணரலாம். சமண லோக வருணனையின்படி மனிதர் வாழும் இரண்டரைத் தீவின் விட்டம் 45 லட்சம் யோசனை. பத்தின் வர்க்கமூலத்தைப் பரிதிக்கு அளவாகக் கொள்ளும் பழைய முறைப்படி, அதன் பரப்பு ஏறத்தாழ 16 லட்சம் கோடி சதுர யோசனை. ஒரு யோசனை நான்கு குரோசம்; ஒரு குரோசம் 2,000 தண்டம்; ஒரு தண்டம் 96 அங்குலம். ஆகவே ஒரு யோசனைக்கு 7,68,000 அங்குலம். தீவு, கடல் போன்றவற்றை அளக்கும் பிரமாணாங்குலம், மனித உடலை அளக்கும் உத்சேதாங்குலத்தைப் போல் 500 மடங்கு நீளமானது. இவற்றையெல்லாம் பெருக்கி, கடல்களையும் மலைகளையும் கழிக்காமல் முழுப் பரப்பையும் மனிதருக்கே பங்கிட்டாலும், இருபத்தொன்பது தானத்து எண்ணின்படி ஒருவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 30 சதுர உத்சேதாங்குலம். ஐந்தரை விரற்கடைச் சதுரம். ஒரு காலைக்கூட முழுமையாக ஊன்ற முடியாத இடம்.

கோடாகோடாகோடாகோடி என்ற மேலெல்லையை வைத்துப் பார்த்தால், ஒருவருக்கு 236 சதுர அங்குலம் கிடைக்கும். பதினைந்து விரற்கடைச் சதுரம். நெருக்கமே ஆயினும் நிற்கலாம். அதனினும் குறைந்த தொகைக்கு இடம் மேலும் விரியும். சூத்திரம் வகுத்த எல்லை பரப்புக் கணக்கோடு பொருந்துகிறது. மரபாக ஓதப்பட்ட எண் பொருந்தவில்லை.

லோக வருணனையின் அளவுகளை இன்றைய புவியியலோடு ஒப்பிடுவது இங்கு நோக்கமன்று. வீரசேனர் எழுப்பிய வினா வேறு. ஒரு நெறி உலகின் பரப்பையும் கூறுகிறது, மக்கள் தொகையையும் கூறுகிறது என்றால், அந்த இரு கூற்றுகளும் தம்முள் ஒத்து நிற்க வேண்டாமா என்பதே அவ்வினா. பெரிய எண் என்பதால் அதன் முன் அவர் மலைத்துப் போகவில்லை. ஆசாரியர் சொன்னது என்பதால் அளவுகோலைக் கீழே வைக்கவும் இல்லை.

வீரசேனருக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு கடந்து வந்த நேமிசந்திரர், தவளாவைக் கரைகண்டவர். அதன் சாரத்தைத் திரட்டியே கோம்மடசாரம் இயற்றினார். எனினும் ஐந்தாம் வர்க்கத்தின் கனம் என்ற உபதேசத்தையும் அவர் விட்டுவிடவில்லை. பாட்டில் பதித்து அடுத்த தலைமுறைக்கு அளித்தார். மறுக்கப்பட்ட கருத்தும் அழிக்கப்படாமல் நின்றது. மறுப்பும் மறைக்கப்படாமல் நின்றது. பின்வருவோர் இரண்டையும் தாமே ஆராய்ந்துகொள்ள இது வழி செய்தது.

ஓலையிலிருந்து அச்சுக்கு

இவ்வளவும் இன்று நமக்குக் கிடைத்திருப்பது தற்செயலன்று. தவளாவின் பழைய ஓலைச்சுவடிகள் பழங்கன்னட எழுத்தில், மூடபித்ரியின் சித்தாந்த பசதியில் பல நூற்றாண்டுகள் பாதுகாக்கப்பட்டன. அவை வழிபடப்பட்டன, படிக்கப்பட்டது குறைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தொடங்கிய படியெடுக்கும் பணியின் பயனாக நூல் வெளியுலகை அடைந்தது. பேராசிரியர் ஹீராலால் ஜைன் தலைமையில் அறிஞர்கள் கூடி, 1939 முதல் பதினாறு தொகுதிகளாக அதனைப் பதிப்பித்தனர்.

1929-இல் விபூதிபூஷண் தத்தர் சமணக் கணித மரபைப் பற்றி விரிவாக எழுதியபோது தவளா இன்னும் அச்சேறவில்லை. அவரோடு இணைந்து இந்துக் கணித வரலாற்றை எழுதிய லக்னௌப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அவதேஷ் நாராயண் சிங், 1942-இல் வெளிவந்த நான்காம் தொகுதியில் தவளாவின் கணிதம் பற்றிய கட்டுரையை எழுதினார். அர்த்தச்சேத விதிகளையும், ஓர் எண்ணை அதன் அளவாகவே அடுக்கேற்றும் வர்க்கித சம்வர்க்கிதத்தையும், இருபத்தொன்பது தானத்து எண்ணை வீரசேனர் மறுத்ததையும் கணித உலகம் அதன் வழியே அறிந்தது. இரண்டை மூன்று முறை வர்க்கித சம்வர்க்கிதம் செய்தால், முதலில் 4, பிறகு 256, பிறகு 256-ஐ 256 முறை வைத்துப் பெருக்கிய எண். அது 617 தானங்கள் கொண்டது. அதனோடு ஒப்பிட நம் எண் ஒரு மழலை.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. அர்த்தச்சேதத்தைக் கண்டு, மடக்கைக் கணிதம் முழுவதையும் சமணர் அன்றே கண்டுவிட்டனர் என்று பெருமை பேசுவோர் உண்டு. அர்த்தச்சேதத்தின் அடிப்படை விதிகள் மடக்கையின் விதிகளோடு ஒத்தவை என்பது உண்மை. பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் எழுந்த மடக்கை அட்டவணைகளைப் போன்ற கருவி சமண நூல்களில் இல்லை என்பதும் உண்மை. உள்ளதை உள்ளவாறு கூறினாலே ஆசாரியர்களின் பெருமைக்குக் குறைவில்லை. அளவுக்கு மீறிய தொகையை மறுத்த வீரசேனரின் பெயரால் அளவுக்கு மீறிய புகழுரை சொல்வது அவருக்குச் சிறப்பாகாது.

மீண்டும் தோன்றும் எண்

விந்தையான செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. மின்னணுக் கணினிகள் இரண்டின் அடுக்குகளைக் கொண்டே இயங்குவதால், சமண நூல்களின் வர்க்கங்கள் அங்கு மீண்டும் தலைகாட்டுகின்றன. இணையத்தின் பழைய முகவரி முறையில் அமையக்கூடிய முகவரிகளின் தொகை ஐந்தாம் வர்க்கம். புதிய முறையில் அது ஏழாம் வர்க்கம். பின்னது முன்னதைப் போல் எத்தனை மடங்கு என்று வகுத்தால் கிடைப்பது, நேமிசந்திரர் பாட்டில் பதித்த அதே இருபத்தொன்பது தானத்து எண். சி ஷார்ப் மொழியில் நிரல் எழுதும் இளைஞர், அம்மொழியின் டெசிமல் வகை ஏற்கும் மிகப் பெரிய மதிப்பைத் திரையில் கண்டால், 792 என்று தொடங்கி 335 என்று முடியும் எண்ணைக் காண்பார். நம் எண்ணைவிட ஒன்றே ஒன்று குறைவு.

இதனால் ஆசாரியர்கள் கணினியை முன்னறிந்தனர் என்று ஆகாது. இரட்டித்தலையும் பாதியாக்கலையும் அடிப்படையாகக் கொண்டு எண்ணத் தொடங்கும் எவரும் இந்த எண்களைக் கடந்தே செல்ல வேண்டும் என்பதே இதன் பொருள். இரண்டைத் தொண்ணூற்றாறு முறை பெருக்கினால் கிர்நார் குகையிலும் அதே விடை, இன்றைய கணினித் திரையிலும் அதே விடை. கணிதத்திற்குக் காலமும் இல்லை, இடமும் இல்லை.

சுருத பஞ்சமியன்று ஆகம நூலின் மேல் மலரிடும் இல்லங்களில், அன்று மாலை ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்து, இரண்டு, நான்கு, பதினாறு என்று பிள்ளைகளோடு சேர்ந்து பெருக்கிப் பார்ப்பதும் ஒரு சுவாத்தியாயமே ஆகும். ஐந்தாம் வர்க்கத்திற்குள் கை வலிக்கும். ஆறாம் வர்க்கத்தில் ஓரிடத்தில் பிழை நேரும். இலக்கங்களைக் கூட்டிப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்க வேண்டிவரும். கணினியின்றிப் பலகையிலும் ஓலையிலும் அதனைப் பிழையின்றி முடித்தவர்களின் பொறுமை அப்போது விளங்கும். முடித்த பின்னும் அந்த விடையை அப்படியே ஏற்காமல், மனிதர் நிற்க இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்தவரின் நேர்மையும் விளங்கும். பூதபலி வகுத்த எல்லையும், நேமிசந்திரர் காத்த எண்ணும், வீரசேனர் செய்த சோதனையும் ஆகிய மூன்றும் சேர்ந்ததே நமக்கு வந்துள்ள சுருதச் செல்வம்.